முள் கீறல் விழுந்த தோலின் படம்

"அக்கா, ஷார்ப்பன் எவ்ளோ வைக்கணும்? ஒரு நம்பர் சொல்லுங்க" என்று கவிதா போனில் கேட்டாள். ஆம்பூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த தோல் கம்பெனியில், நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த அதே மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். புகைப்படத்தைச் சிறிதாக்கிய பிறகு மங்கலாகத் தெரிகிறதாம். கூர்மைப்படுத்தினால் சொரசொரவென்று ஆகிறதாம்.

உப்பு எவ்வளவு போடணும் என்று கேட்கிறவளிடம், என்ன குழம்பு என்று கேட்காமல் எப்படிச் சொல்வது? "எந்தப் படம், எவ்வளவு பெரிசு, யார் பார்க்கப் போறாங்க?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லக்கா, பொதுவா" என்றாள். பொதுவாக ஒரு நம்பர் இருந்திருந்தால் கோவிந்தன் மேஸ்திரி செய்யாத குற்றத்துக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. அவர் கதையை அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி ஆபீசில் வேலை பார்த்தார். என்னை டீச்சர் ஆக்க வேண்டும் என்பது வீட்டின் ஆசை. நான் போய்ச் சேர்ந்தது ஒரு போட்டோ ஸ்டுடியோவில். நெகட்டிவைக் கண்ணாடி மேசைமேல் வைத்து, கீழிருந்து விளக்கைப் போட்டு, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் முகத்தில் இருக்கும் பருக்களையும் தழும்புகளையும் மறைப்பதுதான் என் வேலை. அதற்கு டச்சிங் என்று பெயர். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படங்கள்தான் அதிகம் வரும். ஒரு நாள் ஒரு அம்மாள் படத்தை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார். "எம் பொண்ணுக்குக் கன்னத்துல மச்சம் இருக்குதே, அது எங்க? மச்சம் இல்லன்னா இது யாரு வீட்டுப் பொண்ணு?" என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே வேறு பிரின்ட் போட்டுக் கொடுத்தார். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஸ்டுடியோவில் நான் கற்றுக்கொண்டது மொத்தமும் அந்த அம்மாள் கேட்டதற்குள் அடக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில், சர்ச்சில் தெரிந்த ஒருவர் சொல்லி, ஆம்பூர்க் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் சேர்ந்தேன். அங்கே பதப்படுத்தி முடித்த தோலை வெளிநாட்டு ஷூ கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். வாங்குகிற கம்பெனிக்காரரைப் பையர் என்பார்கள். தோலை அவருக்குக் காட்டுவதற்கு ஆரம்பத்தில் ஒரே வழிதான்: உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டிக் கூரியரில் அனுப்ப வேண்டும். பையருக்குப் பிடித்துவிட்டால் அந்தத் துண்டின்மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டு, கையெழுத்தின் நடுவே இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதி அவரிடம் இருக்கும், மறுபாதி எங்களிடம். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியும் சேர்ந்து பேசும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, கூடவே ஒரு ஸ்கேனரும் வந்தது. அதன் கண்ணாடிமேல் தோலைக் குப்புறப் படுக்க வைத்து மூடியை அழுத்தினால் திரையில் படம் விழும். முதல் படத்தைப் பார்க்க எக்ஸ்போர்ட் மேனேஜர் நஸீர் சார் வந்தார். ஆபீசில் நாங்கள் அவரைச் சார் என்போம். ஷெட்டில் வேலை செய்பவர்களுக்கு அவர் பாய்.

நஸீர் சார் தோல் பார்க்கும் விதத்தை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டே நின்ற நாட்கள் உண்டு. முதலில் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். தோலை ஜன்னல் பக்கம் கொண்டுபோவார். வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல்தான் அவருக்கு வேண்டும். ஆள்காட்டி விரல்மேல் தோலை மடித்து, அந்த மடிப்பில் ரேகைகள் எப்படி உடைகின்றன என்று பார்ப்பார். பிறகு புரட்டி, கறி ஒட்டியிருந்த பின்பக்கத்தைத் தடவுவார். பார்த்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை வராது. அவசரக்காரர்கள் யாராவது "நல்லாருக்கா சார்?" என்று நடுவில் கேட்டுவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். வேண்டுமென்றே செய்கிறாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கும் திரையை அப்படித்தான் பார்த்தார். பிறகு மிகவும் அக்கறையாக, "நல்லாருக்குதும்மா. இதோட பின்பக்கம் எங்க?" என்று கேட்டார்.

அறையில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. "படத்துக்குப் பின்பக்கம் இல்ல சார்" என்றேன். "பின்பக்கம் இல்லாம ஒரு பொருள நான் எப்படி நம்புறது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். படத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டென்றால், அது கை படாத முதல் படம்தான். மறுநாளிலிருந்து, கேமராவோ ஸ்கேனரோ கொடுத்த முதல் படத்தை அப்படியே சி.டி.யில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் கை வைப்பது என்று ஆரம்பித்தேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவர் மறுபடியும் கேட்டுவிடுவாரோ என்ற பயம்தான்.

படத்தைச் சுருக்குவதும் பெருக்குவதும் எனக்கு அப்போது பெரிய வேடிக்கையாக இருந்தது. தோலுக்குப் பக்கத்தில் டெய்லர் டேப்பை வைத்துப் படம் எடுப்பேன். பாதியாகச் சுருக்கினால் டேப்பின் சின்னக் கோடுகள் மங்கும். இன்னும் பாதியாக்கினால் எல்லாம் சேர்ந்து சாம்பல் பட்டையாகிவிடும். நாலு புள்ளி இருந்த இடத்தில் ஒரு புள்ளிதான் உட்கார முடியும் என்றால், நாலும் சேர்ந்து ஓட்டுப்போட்டு ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். தோற்ற மூன்று நிறமும் போனது போனதுதான். பிறகு பெரிதாக்கினாலும் திரும்பி வராது. இதை நஸீர் சாரிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "ஈரத்தோலை ஃப்ரேம்ல இழுத்து கிளிப் போடறோமில்ல, அந்த மாதிரி. அளவு ஜாஸ்தி ஆகும், கனம் கம்மி ஆகும். புதுசா தோல் முளைக்குமா?" என்றார்.

கூர்மைப்படுத்தும் வித்தைதான் என்னை அதிக நாள் ஏமாற்றியது. அதை ஏற்ற ஏற்ற, மறைந்துபோன மயிர்க்கால் புள்ளிகள் திரும்பி வருவதுபோல் இருக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. புதிதாக எதுவும் வரவில்லை. விளிம்பின் கறுப்புப் பக்கத்தை இன்னும் கறுப்பாக்கி, வெளுத்த பக்கத்தை இன்னும் வெளுப்பாக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். கண்ணுக்கு மை தீட்டினால் கண் எடுப்பாகத் தெரியும், கண் பெரிதாகிவிடாது. மை கொஞ்சமாக இருக்கும்வரை அழகு. அள்ளிப் பூசினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வெள்ளை வளையம் விழும். வழவழப்பான தோல் பலாப்பழத் தோல் மாதிரி தெரியும்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் எங்கள் கம்பெனி வழக்கம் ஒன்று எங்களைக் கவிழ்த்தது. தோல் ஒரு செக்‌ஷனிலிருந்து இன்னொரு செக்‌ஷனுக்குப் போகும்போது, ஒவ்வொரு இடத்திலும் யாராவது அதில் கை வைத்தாக வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் கத்தரிப்பார்கள், துணியால் ஒரு துடைப்புத் துடைப்பார்கள், ஒன்றுமில்லை என்றால் முத்திரையாவது குத்துவார்கள். சும்மா அனுப்பினால், பார்க்காமலே தள்ளிவிட்டான் என்று பேச்சு வரும். கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்த பிறகு படங்களுக்கும் அதே மரியாதை கிடைத்தது. நான் எடுத்துச் சுருக்கிய படம் தரம் பார்க்கும் சேகரிடம் போகும். அங்கிருந்து விற்பனைப் பிரிவு மேரியிடம். கடைசியாக மெயில் அனுப்பும் பாஷாவிடம். சேகர் படத்தைச் சுத்தம் செய்வான். மேரி பளிச்சென்று ஆக்குவாள். பாஷா, பெரிய படமென்றால் போய்ச் சேர்வதற்குள் போன் லைன் கட்டாகிவிடும் என்று இன்னும் சுருக்குவான். ஒவ்வொருவரும் மறுபடி சேவ் செய்வார்கள். அந்த ஜேபெக் என்ற படவகைக்கு ஒரு குணம் உண்டு: கை வைத்துச் சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் இடத்தை மிச்சம் பிடிக்கப் படத்திலிருந்து கொஞ்சம் தின்றுவிடும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம். மழை முடிந்த சமயம். ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர் மாட்டுத் தோலுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தார். ஃபுல் கிரெயின் தோல் வேண்டும், அதாவது மேல்முகத்தைத் தேய்க்காமல், மாட்டின் மயிர்க்கால் புள்ளிகளும் ரேகைகளும் இயற்கையாக இருக்கும் தோல். இதைவிட மட்டமான இன்னொரு வகை உண்டு. காயமும் கீறலுமாக இருக்கும் தோலின் முகத்தை எமரித்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, கனமாக வண்ணம் பூசி, சூடான தட்டை அழுத்திப் போலி ரேகை பதிப்பார்கள். தூரத்தில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வழக்கமாகப் பையரின் ஏஜெண்ட் நேரில் வந்து சரக்கைப் பார்த்து ஒப்புதல் தருவார். அந்த முறை அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால், தோல் படத்தை மெயிலில் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினோம்.

மறுநாள் பதில் வந்தது. இது நாங்கள் ஒப்புக்கொண்ட தோல் இல்லை. ரேகை தடிப்பாக இருக்கிறது, எல்லா இடத்திலும் ஒரே அச்சாக இருக்கிறது, முகம் தேய்த்துத் தட்டு அழுத்திய தோல். சரக்கை நிறுத்துங்கள்.

பழி நேராகப் போய் விழுந்தது கோவிந்தன் மேஸ்திரி தலையில். தோலுக்குக் கடைசி வண்ணமும் மெருகும் கொடுக்கும் ஃபினிஷிங் செக்‌ஷன் அவர் பொறுப்பு. அணைக்கட்டுப் பக்கம் பிறந்து மாதனூரில் குடியேறியவர். முழங்கைவரை சாயம் ஏறிய கை, கல்யாணத்துக்குப் போகும்போதும் வெள்ளைச் சட்டைக்குக் கீழே பழுப்பாகத்தான் தெரியும். நல்ல தோலை வெளியே விற்றுவிட்டு மட்டத் தோலை உள்ளே நுழைத்துவிட்டார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கம்பெனி முதலாளியின் தம்பி, நாங்கள் சின்னவர் என்போம், விசாரிக்கவே இல்லை. "வீட்டுக்குப் போ மேஸ்திரி. கூப்பிட்டா வா" என்று சொல்லிவிட்டார்.

கம்பெனி பஸ்ஸில் மாதனூரில் ஏறுகிறவர்களுக்கு அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. மேஸ்திரி வழக்கமாக உட்காரும் முன் சீட்டு காலியாக வரும். "இத்தினி வருசமா நல்லவன் மாதிரி இருந்தானே" என்று ஒருவர் சொன்னதை என் காதால் கேட்டேன். எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது.

அந்தக் கோபத்தோடு கொஞ்சம் குறுகுறுப்பும் இருந்தது என்பதை மறைக்கவில்லை. நான் கேமராவில் பார்த்த தோலுக்கும், பையர் மெயிலில் எழுதியிருந்த தோலுக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் என்னதான் நடந்தது? பையருக்குப் போன படத்தைப் பாஷாவின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தேன். அலமாரியில் இருந்த சி.டி.யைப் போட்டு முதல் படத்தைத் திறந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நஸீர் சாரைக் கூப்பிட்டேன்.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். திரையைப் பார்க்கவும் கை கழுவ வேண்டுமா என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. வெகுநேரம் பார்த்தார். "இது எது?" என்று முதல் படத்தைக் காட்டினார்.

"பின்பக்கம் சார்" என்றேன்.

திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வா, ஒவ்வொரு டேபிளா போவோம்" என்றார்.

நான் செய்த சுருக்கலை முதலில் செய்து காட்டினேன். கூடவே கொஞ்சம் கூர்மையும் ஏற்றியிருந்தேன். "எவ்ளோ?" என்றார் நஸீர் சார். "கொஞ்சம் சார்" என்றேன். சேகரிடம் போனோம். "தூசி புள்ளியெல்லாம் போக ஒரு ஃபில்டர் போடுவேன் சார். அப்புறம் மங்கலா ஆயிடுமில்ல, அதனால கொஞ்சம் ஷார்ப் பண்ணுவேன்" என்றான். மேரி, "பையருக்குப் பளிச்சுன்னு இருக்கணுமே சார், நானும் கொஞ்சமா பண்ணேன்" என்றாள். பாஷா, "சின்னதாக்கினா தெளிவு கம்மியாவுது, அதான் நானும் கொஞ்சம்" என்றான். நாலு மேசையின் கொஞ்சமும் சேர்ந்து எங்கே போய் நின்றது என்று பாஷாவின் திரையில் தெரிந்தது. நுண்ணிய ரேகைகளைச் சுருக்கல் தின்றுவிட்டது. மிச்சமிருந்தவற்றைக் கூர்மை கயிறுபோல் முறுக்கிவிட்டது. திரும்பத் திரும்பச் சேவ் செய்ததில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் விழுந்திருந்தன. அந்தக் கட்டங்களைத்தான் பையர் தட்டின் அச்சு என்று நினைத்திருக்கிறார். நிஜத் தோலைப் படத்தில் நாங்களே தேய்த்து அச்சுப் பதித்து அனுப்பியிருந்தோம். யார்மேல் கோபப்படுவது? எல்லோரும் அக்கறையாகத்தான் கை வைத்திருக்கிறோம்.

நஸீர் சார் திட்டவில்லை. "பொய் சொன்னது படம். நெசத்தையும் படத்தாலதான் சொல்லணும். அவன் எப்படி நம்புவான்? பேஜாரு" என்றார். கூரியரில் துண்டு அனுப்பினால் போய்ச் சேர்வதற்குள் கப்பல் போய்விடும். பையர் அதற்குள் ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்டால் மேஸ்திரியின் பழி அப்படியே காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

யோசித்து யோசித்து இரண்டு விஷயம் பிடிபட்டது. ஒன்று என் தலையில் உதித்தது. கையெழுத்துப் போட்டு வெட்டிய துண்டின் பாதி எங்களிடம் இருக்கிறது, மறுபாதி பையர் கையில் இருக்கிறது. எங்கள் பாதியையும் சரக்குத் தோலையும் ஒரே படத்தில் ஒட்டி வைத்து எடுத்தால், படத்துக்கு என்ன ஆனாலும் இரண்டுக்கும் ஒன்றுபோல்தான் ஆகும். அவர் தன் பாதியைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்றை நஸீர் சார் சொன்னார். "முழுத் தோலையும் எதுக்கும்மா இத்துனூண்டு படத்துல அடைக்கிற? கூரியர்ல முழுத் தோலா அனுப்புறோம்? துண்டு வெட்டித்தானே அனுப்புறோம்? படத்தையும் வெட்டு." இவ்வளவு நாளாகச் சுருக்குவதைப் பற்றியே மண்டையை உடைத்துக்கொண்டிருந்த எனக்கு, சுருக்காமல் வெட்டலாம் என்று தோன்றவே இல்லை. முழுத் தோலுக்கு ஒரு சின்னப் படம், ரேகையைக் காட்டக் கேமரா கொடுத்த அளவிலேயே ஒரு துண்டுப் படம். ஐயோ என்றிருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மேஸ்திரி முன்னாலேயே படம் எடுக்கட்டும் என்று நஸீர் சார் அவரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். பஸ்ஸில் வராமல் சைக்கிளில் வந்தார். கம்ப்யூட்டர் ரூமுக்குள் செருப்பு கூடாது என்பது சட்டம். வாசலில் செருப்பை விட்டவர் உள்ளே வரவும் தயங்கி நின்றார். எந்தத் தோலைப் படம் எடுத்தோமோ அதே தோலை மூட்டையிலிருந்து உருவிக் கொண்டுவந்து வடக்கு ஜன்னல் ஓரம் விரித்தோம். முதல் படத்தில் ரேகையையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காமல் விட்ட ஒன்று அப்போதுதான் கண்ணில் பட்டது. நடுமுதுகுக்குச் சற்றுக் கீழே, விரல் நீளத்துக்கு ஒரு கீறல். மாடு உயிரோடிருந்தபோது வேலிமுள்ளில் உரசி, புண்ணாகி, ஆறிப்போன தழும்பு. பையருக்குப் போன படத்தில் இது இல்லையே?

சேகர் தலையைச் சொறிந்தான். "முள் கீறல்தானே மேடம். அழிச்சிட்டேன். அசிங்கமா இருந்துது" என்றான். பருவை மறைத்துப் பழகிய நான் அவனை என்னவென்று சொல்வேன்?

சின்னவர் வந்து பார்த்தார். "கீறல் இல்லாத தோலா வேற எடுங்க. அவனுக்கு இன்னொரு சாக்கு எதுக்குக் கொடுக்கறீங்க?" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. முள் கீறல் விழுந்த தோலுக்குத் தரம் குறையும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. தோலை மாற்ற ஆட்கள் கையை வைத்தார்கள்.

அதுவரை வாயைத் திறக்காத மேஸ்திரி குறுக்கே வந்து தோலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். "அவன் கேள்வி கேட்டது இந்தத் தோல. இத வெச்சிதான் என்னை வீட்டுக்கு அனுப்புனீங்க. வேற தோலைக் காட்டினா, அப்ப நான் திருடன்தான்னு ஆயிடும் சார்" என்றார். சின்னவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நஸீர் சார் அந்தக் கீறல் இருந்த இடத்தை விரல்மேல் மடித்துப் பார்த்துவிட்டு, "எடும்மா. இருக்கறபடி எடு" என்றார்.

எடுத்தேன். ஃபிளாஷ் போடவில்லை; ஃபிளாஷ் ரேகையைத் தட்டையாக்கிவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி தோலைத் திருப்பினேன். கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, தோலுக்கு நேர்மேலே குனிந்து பார்க்கும்படி வைத்தேன். தோல்மேல் கையெழுத்துத் துண்டும் பக்கத்தில் டேப்பும் இருந்தன. முதல் படத்தை சி.டி.யில் போட்டேன். நகலில் துண்டும் கீறலும் விழும் இடத்தை வெட்டி எடுத்தேன். முழுத் தோல் படத்தை மட்டும், எந்த அளவு வேண்டுமோ அந்த அளவுக்கு ஒரே தடவையில் சுருக்கினேன். சுருக்கி முடித்த பிறகு, கடைசியாக, ஒரே முறை கூர்மை. திரையில் படத்தை அதன் சொந்த அளவில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போனேன். புள்ளியைச் சுற்றி வளையம் விழுந்ததும் நிறுத்தி, வளையம் மறையும்வரை இறங்கி வந்தேன். நம்பரை நான் பார்க்கவே இல்லை. ஒரே தடவை சேவ். கீறல் கீறலாகவே இருந்தது.

சேகர், மேரி, பாஷா மூன்று பேரையும் நஸீர் சார் பின்னால் நிற்க வைத்துக் கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். பாஷாவுக்குத்தான் தாங்கவில்லை. "சார், நான் சும்மா திறந்து பார்க்கவாவது..." என்றான். "பார்த்துக்கோ. சேவ் பண்ணாத" என்றார். பழைய படம் எப்படிக் கெட்டது என்று நாலு வரி எழுதி, புதுப் படங்களோடு அனுப்பினோம். லைன் இரண்டு முறை அறுந்து, மூன்றாம் முறை போனது.

மறுநாள் காலை நான் போகும்போதே வாசலில் மேஸ்திரியின் செருப்பு கிடந்தது. ராத்திரி தூங்கியிருக்க மாட்டார். எனக்கும் தூக்கம் இல்லை. மெயில் வந்திருந்தது. நஸீர் சார் தன் வழக்கப்படி முழுவதையும் வாய் திறக்காமல் படித்தார். குறுக்கே கேட்டால் மறுபடி முதலிலிருந்து படிப்பாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேஸ்திரிக்கு அந்தப் பொறுமை இல்லை.

"இன்னா சொல்றான் பாய்?"

"கீறல் தெரியுதாம்."

மேஸ்திரி சுவரில் சாய்ந்துவிட்டார். "அவ்ளோதான். போச்சு."

"இருப்பா, முழுசா கேளு. முகத்தைத் தேய்ச்ச தோலா இருந்தா இந்தக் கீறல் இருக்குமான்னு கேக்கறான். தேய்ப்புல போயிருக்குமாம். ஆறுன கீறல் அப்படியே இருக்குது, அதனால இது தேய்க்காத தோலுதான். துண்டும் ஒத்துப் போவுதாம். சரக்க அனுப்பச் சொல்லிட்டான்."

கீறல் இருந்தால் முகம் தேய்க்காத தோல் என்பது இந்த ஊரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். தலைமுறை தலைமுறையாகக் கீறலை மறைத்தே வயிறு வளர்த்த எங்களில் ஒருவருக்கும், அந்தக் கீறலே சாட்சிக்கு வந்து நிற்கும் என்று தோன்றவில்லை. நஸீர் சார் நெற்றியில் தட்டிக்கொண்டார். "இது நமக்குத் தெரியாதா மேஸ்திரி?"

"தெரியும் பாய்" என்றார் மேஸ்திரி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "தெரிஞ்சி இன்னா பண்றது?"

என் மனசில் மச்சம் காணோம் என்று சண்டைக்கு வந்த அந்த அம்மாள் முகம் வந்து போனது. அன்று சாயங்காலம் மேஸ்திரி பஸ்ஸில்தான் வந்தார். முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து இடம் கொடுத்தார். சின்னவர் அவரிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்டதாக எனக்குத் தெரியாது. மறுவாரம் ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் புது ஃபேன் ஒன்று வந்தது. அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகு படத்தில் கை வைக்கும் வேலை என் மேசையோடு நின்றது. கவிதாவுக்கு நம்பர் வேண்டுமாம். முதல் படத்தைத் தொடாமல் வை, காட்ட வேண்டியதை வெட்டு, சுருக்குவதை ஒரே தடவையில் சுருக்கு, கூர்மையைக் கடைசியில் வை, வளையம் விழுந்தால் இறங்கி வா. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், இதில் நம்பர் எங்கே இருக்கிறது?

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே மேஸ்திரி ஓய்வு பெற்றுவிட்டார். அதுவரை ஒவ்வொரு சரக்குக்கும் படத்துக்கான தோலை வேறு யார் கையிலும் அவர் கொடுத்தனுப்பியதில்லை. மூட்டை மூட்டையாகப் புரட்டித் தானே பொறுக்கி, தோளில் போட்டுக்கொண்டு வருவார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வார்:

"எஸ்தரம்மா, நல்லா முள்ளு பட்டதா பாத்து எடுத்தாந்திருக்கேன். அழிச்சிடாத."